வெயில் தேர்வு செய்யட்டும்: கரையான்சாவடியிலிருந்து ஒரு புதிய பூ ரகம்

கரையான்சாவடியில் இறங்கி ஆவடி சாலையிலோ பூந்தமல்லிப் பக்கமோ போனால் சாலையோர நர்சரிகள் கண்ணில் படும். அங்கே பூத்து நிற்கும் செடிகளில் பெரும்பாலானவை வெளியூர்ச் சரக்கு. ரோஜா ஓசூர், பெங்களூரு பக்கமிருந்து வருகிறது. அலங்காரச் செடிகள் ராஜமுந்திரி அருகிலுள்ள கடியத்திலிருந்து லாரி ஏறுகின்றன. வாங்கிப்போனவர் வீட்டில் தை, மாசி வரை பூக்கும். சித்திரையில் மொட்டு உதிரும், இலை விளிம்பு கருகும், ஆடிக்குள் தொட்டி காலி. செடி வாங்கியவர் தன் கைராசியை நொந்துகொள்வார். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த ரகத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் குளிர்ச்சியான ஊரில் இருந்து தேர்ந்தெடுத்தார்கள்.

இந்த இடைவெளியில் ஒரு தொழில் இருக்கிறது. சென்னை மேற்குப் புறநகரின் கத்திரி வெயிலையும் கடின போர்வெல் தண்ணீரையும் ஐப்பசி மழையையும் தாங்கிப் பூக்கும் ரகத்தை, அந்த மூன்றும் கிடைக்கும் இடத்தில்தான் சலித்தெடுக்க முடியும். பெங்களூரு ஆய்வுக்கூடத்திடம் இல்லாத ஒன்று உங்கள் மொட்டைமாடியில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது, அதிலிருந்து சம்பளமோ வருமானமோ எந்த வழியில் வரும் என்பதற்கான வழிகாட்டி இது. நர்சரியில் வேலை பார்ப்பவர், தாவரவியலோ தோட்டக்கலையோ படித்துவிட்டு வேலை தேடுபவர், மாடித்தோட்டத்தை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோக நினைப்பவர் ஆகிய மூவரையும் மனதில் வைத்து எழுதியது.

முன்னே நடந்தவர்கள்

கரையான்சாவடியிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் மதுரவாயல். தாவர மரபியலாளர் ஈ.கே. ஜானகி அம்மாள் தன் கடைசி ஆண்டுகளைக் கழித்தது அங்கேதான். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் களஆய்வுக்கூடத்தில் 1984-ல் மறையும் வரை அவர் வேலை செய்துகொண்டிருந்தார். 1897-ல் தலச்சேரியில் பிறந்து, சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-ல் முனைவர் பட்டம் பெற்றவர். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பைப் பிற புல்லினங்களோடு கலந்தார். பிறகு இங்கிலாந்து போய், சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்த பெருநூலை 1945-ல் வெளியிட்டார். அங்குள்ள விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளைக் கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருளால் நேர்த்தி செய்து குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார். அவர் பெயர் தாங்கிய மக்னோலியா ரகம் ஒன்று இன்றும் இருக்கிறது.

இரண்டாவது வழிகாட்டி எம்.எஸ். வீரராகவன். ஆந்திரப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர், 1980-ல் விருப்ப ஓய்வு பெற்றுக் கொடைக்கானலில் குடியேறி, மனைவி கிரிஜாவோடு சேர்ந்து ரோஜா ரகங்களை உருவாக்கினார். ஐரோப்பாவும் அமெரிக்காவும் ரோஜாவைப் பனி தாங்குவதற்காகவே தேர்ந்தெடுத்து வந்திருக்கின்றன, வெப்ப நாடுகளுக்கு வேறு ரத்தம் வேண்டும் என்பது அவர் வாதம். அதனால் மணிப்பூர் மலைகளின் ரோசா ஜைஜான்டியாவையும், இந்தியச் சமவெளிகளின் ஈரநிலத்தில் வளரும் ரோசா கிளினோபில்லாவையும் பெற்றோராக எடுத்துக்கொண்டார். அந்தத் தம்பதி உருவாக்கிய மஞ்சள் ரோஜா ஒன்றின் பெயர் 'ஈ.கே. ஜானகி அம்மாள்'.

ஒருவர் பல்கலைக்கழக விஞ்ஞானி, மற்றவர் வேறு வேலையிலிருந்து வந்தவர். இந்தத் தொழிலில் நுழைய இரண்டு வாசலும் திறந்தே இருக்கின்றன.

புது ரகம் பிறக்கும் நான்கு வழிகள்

*கலப்பு.* ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொன்றின் சூல்முடியில் வைத்து, விதை எடுத்து, நாற்று வளர்த்து, நல்லதைத் தேர்வது. பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சம்பங்கியில் ஒற்றை அடுக்கையும் இரட்டை அடுக்கையும் கலந்து 'ஷ்ருங்கார்' எடுத்தது. அதை 'மெக்சிகன் சிங்கிள்' என்ற ரகத்தோடு மறுபடி கலந்தபோது 'பிரஜ்வல்' கிடைத்தது. தமிழ்நாட்டுச் சம்பங்கித் தோட்டங்களில் பிரஜ்வல் இன்று பழக்கமான பெயர். டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் செண்டுமல்லி ரகமான 'பூசா நாரங்கி' வந்ததும் கலப்பில்தான்.

*கிளையில் தோன்றும் மாற்றம்.* வெள்ளைப் பூச் செடியில் ஒரே ஒரு கிளை மட்டும் சிவப்பாகப் பூக்கும், அல்லது இலை வரிவரியாக வரும். அந்தக் கிளையை வெட்டி வைத்து, மாற்றம் நிலைத்தால் அது புது ரகம். அமெரிக்காவில் 1931-ல் வழங்கிய முதல் தாவரக் காப்புரிமையே இப்படிக் கிடைத்த 'நியூ டான்' ரோஜாவுக்குத்தான். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் பூக்கும் கொடி ரோஜாவில், திரும்பத் திரும்பப் பூத்த கிளையைத் தோட்ட வேலை பார்த்த ஹென்றி போசன்பெர்க் கவனித்தார். நர்சரியில் தினமும் ஆயிரம் செடிக்குத் தண்ணீர் ஊற்றுபவருக்கு இந்த வழியில் விஞ்ஞானியைவிட வாய்ப்பு அதிகம். காகிதப்பூச் செடியில் இது அடிக்கடி நடக்கும்.

*சடுதி மாற்றத்தைத் தூண்டுவது.* குச்சியையோ விதையையோ காமாக் கதிரில் வைத்து எடுப்பது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் 'கோ 2' பிச்சி இந்த வகை. வீட்டில் செய்ய முடியாது. ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தால் செய்யலாம்.

*குரோமோசோமை இரட்டிப்பது.* ஜானகி அம்மாள் மக்னோலியாவில் செய்தது. இதழும் இலையும் தடிக்கும், பூ நீண்ட நேரம் நிற்கும். கோல்ச்சிசின் கிடைக்கும் செடிகளில் ஒன்று நம் மாநில மலரான செங்காந்தள். ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரண்யம் பகுதிகளில் கண்வலிக் கிழங்கு என்று பயிரிட்டு அதன் விதையை ஏற்றுமதி செய்கிறார்கள். கடும் விஷம். ஆய்வகப் பயிற்சி இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

வீட்டிலிருந்து தொடங்குபவருக்கு முதல் இரண்டும் போதும்.

எந்தச் செடியில் கை வைப்பது

ஆசைப்பட்ட பூவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: நம் ஊரில் விதை பிடிக்குமா? விதையிலிருந்து பூவரை எத்தனை மாதம்? குச்சியிலோ ஒட்டிலோ எளிதாகப் பெருக்கலாமா?

*குண்டுமல்லி:* 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி இந்தக் குடும்பம்தான். விதை பிடிப்பது மிக அரிது. அதனால் மல்லிகையில் கிடைத்த முன்னேற்றம் பெரும்பாலும் நல்ல செடியைத் தேடிப் பிடித்துப் பதியன் போட்டதால் வந்தது. கலப்பு செய்யப் போனால் வருடங்கள் வீண்.

*கனகாம்பரம்:* சந்தையில் ஓடும் 'டெல்லி கனகாம்பரம்' மும்மயம், அதாவது மூன்று தொகுதி குரோமோசோம் உள்ளது. விதை வைக்காது, குச்சியில்தான் பெருகும். தாயாக எடுக்க முடியாது. விதை வைக்கும் பழைய ரகங்களில் வேலை செய்யலாம். வாடல் நோய் தாங்கும் செடி கிடைத்தால் விவசாயிகளே தேடி வருவார்கள்.

*பத்துமணிப் பூ:* டேபிள் ரோஸ் என்றும் சொல்வார்கள். வெயில் எவ்வளவு அடித்தாலும் பூக்கும். விதைத்து இரண்டு மாதத்தில் பூ, கிள்ளி வைத்தால் வேர். கை பழக இதைவிட நல்ல செடி கிடையாது. விலை குறைவு என்பதுதான் குறை.

*நித்திய கல்யாணி:* வறட்சி தாங்கும், சீக்கிரம் பூக்கும். பூக்குழாய்க்குள் சூல்முடி ஒளிந்திருப்பதால் கலப்புக்கு நுண்ணிய கைவேலை தேவை.

*அடீனியம்:* நம் வெப்பத்துக்குப் பொருத்தம், விலையும் உண்டு. மகரந்தம் கூம்புக்குள் மறைந்திருக்கும், பழக நாளாகும். சந்தையில் தாய்லாந்து ரகங்களின் போட்டி கடுமை.

*ரோஜா:* விதை எடுத்து, குளிர்பதனப் பெட்டியில் சில வாரம் வைத்து முளைக்க வைக்க வேண்டும். முளைப்பும் குறைவு. இரண்டாம் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

*செம்பருத்தி:* தொடங்குபவருக்கு என் பரிந்துரை இதுதான். பூ பெரியது, உறுப்புகள் கண்ணுக்குத் தெரியும், நுண்ணோக்கி வேண்டாம். ஒவ்வொரு விதையும் வெவ்வேறு நிறம் காட்டும். குச்சியிலும் ஒட்டிலும் பெருகும். இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 'சித்ரலேகா', 'நர்த்தகி', 'பாரத் சுந்தரி' போன்ற கலப்பு ரகங்களை ஏற்கெனவே வெளியிட்டிருப்பதால் இந்தியாவில் இதற்கு அடித்தளமும் இருக்கிறது.

செம்பருத்தியில் ஒரு கலப்பு: படிப்படியாக

1. தாயைத் தேர்வு செய்யுங்கள். நம் பகுதியில் குறைந்தது இரண்டு கோடை கண்ட செடியாக இருக்க வேண்டும். வாசலில் நிற்கும் சாதாரணச் சிவப்புச் செம்பருத்தி பெரும்பாலும் காய் வைக்காது. ஒற்றை அடுக்கு ஹைப்ரிட் செடிகளில் காய் வைப்பது எது என்று முதலில் சோதித்துப் பாருங்கள். அடுக்குப் பூவில் மகரந்தத் தாள்கள் இதழாக மாறியிருப்பதால் மகரந்தமும் குறைவு.

2. காலத்தைத் தேர்வு செய்யுங்கள். கடும் வெப்பத்தில் மகரந்தம் வீரியம் இழக்கும். சென்னையில் மார்கழி முதல் மாசி வரை காய் நன்றாகப் பிடிக்கும். கலப்பு குளிரில், சோதனை வெயிலில் என்று நினைவில் வையுங்கள்.

3. முந்தைய மாலை, மறுநாள் விரியப்போகும் மொட்டின் இதழை மெல்லப் பிரித்து, நடுத்தண்டில் ஒட்டியிருக்கும் மகரந்தப் பைகளைச் சிறு இடுக்கியால் எடுத்துவிடுங்கள். மேலே மெல்லிய துணிப்பை கட்டுங்கள். தேன்சிட்டும் வண்ணத்துப்பூச்சியும் உங்களுக்கு முன்னால் எழுந்துவிடும்.

4. காலையில் தந்தைப் பூவில் மகரந்தம் தூளாக உதிரும் நேரம் பார்த்து, அந்தப் பூவையே பறித்துவந்து தாய்ப்பூவின் ஐந்து சூல்முடிகளிலும் தொட்டு வையுங்கள். ஒன்றைக்கூட விட வேண்டாம்.

5. உடனே பெயர்ச்சீட்டு கட்டுங்கள். தாய் முதலில், பெருக்கல் குறி, அடுத்து தந்தை, தேதி. பால்பாயிண்ட் மை வெயிலில் வெளுக்கும். பென்சிலில் எழுதுங்கள்.

6. பூ உதிர்ந்தபின் சூலகம் பச்சையாக வீங்கினால் பிடித்திருக்கிறது. சுமார் இரண்டு மாதத்தில் காய் பழுப்பாகும். வெடித்துச் சிதறும் முன் வலைத்துணி கட்டிவிடுங்கள்.

7. நல்ல காயில் பத்து, இருபது விதை இருக்கும். சிலவற்றில் இரண்டே இருக்கும். விதைத்தோலை நகவெட்டியால் லேசாகக் கீறி, குழித்தட்டில் தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து போடுங்கள். ஓரிரு வாரத்தில் முளைக்கும்.

8. முதல் பூவுக்கு ஏறக்குறைய ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

மாடியில் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நனைந்த தொட்டி கனம். செம்மண் அளவைக் குறைத்துத் தென்னைநார்க் கழிவைக் கூட்டுங்கள், தொட்டிகளைச் சுவரோரம், தூண் மேல் வரும் இடங்களில் வரிசையாக வையுங்கள். நூற்றுக்கு மேல் போனால் கட்டடப் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கழிப்பதுதான் வேலை

பூ பூத்ததும் எல்லாமே அழகாகத் தெரியும். ரகம் உருவாக்குபவரின் சம்பளம் தூக்கிப்போடுவதற்குத்தான். கண்ணைக் கவர்ந்த நாற்றையெல்லாம் வைத்துக்கொண்டால் இரண்டே வருடத்தில் இடமும் தண்ணீரும் தீர்ந்துபோகும். சல்லடைகளை முன்கூட்டியே எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

*முதல் சல்லடை, நாற்று:* வெளிறியது, குட்டையானது, வளைந்தது எல்லாம் போகட்டும். நம் பகுதியில் பல இடங்களில் போர்வெல் தண்ணீர் கடினம், அதில் செம்பருத்தி இலை நரம்பு மட்டும் பச்சையாக நின்று நடுவில் மஞ்சளிக்கும். ஆர்.ஓ. தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றாதீர்கள். வாங்குபவர் ஊற்றப்போகும் தண்ணீரையே ஊற்றுங்கள்.

*இரண்டாவது, பூ:* முதல் பூவை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மூன்று, நான்கு தவணை பூத்தபின்தான் அதன் உண்மையான அளவும் நிறமும் தெரியும். சந்தையில் இருக்கும் ரகத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வித்தியாசத்தை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியவில்லையென்றால் அது புது ரகமாகாது.

*மூன்றாவது, கத்திரி:* இதுதான் உங்கள் தனி ஆயுதம். சித்திரை, வைகாசியில் நிழல்வலையை எடுத்துவிடுங்கள். எத்தனை மொட்டு வந்தது, எத்தனை விரியாமல் உதிர்ந்தது, மதியம் மூன்று மணிக்கு இதழ் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

*நான்காவது, பூச்சியும் மழையும்:* மாவுப்பூச்சி செம்பருத்தியின் நிரந்தர விருந்தாளி. மருந்து அடிக்காமல் ஒரு வரிசையை விட்டுவைத்து, எது குறைவாகத் தாக்கப்படுகிறது என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வேர் அழுகாமல் நிற்பது எது என்றும் பாருங்கள்.

*ஐந்தாவது, பெருக்கம்:* தேறிய செடியிலிருந்து குச்சி வையுங்கள். பத்து வைத்தால் இரண்டுதான் வேர்விடுகிறது என்றால் எவ்வளவு அழகானாலும் நர்சரிக்காரர் தொட மாட்டார். நாட்டுச் சிவப்புச் செம்பருத்தியில் ஒட்டுக் கட்டிப் பாருங்கள். அதிலும் சரிவராவிட்டால் அந்தச் செடி அடுத்த கலப்புக்குப் பெற்றோராக இருக்கட்டும்.

*ஆறாவது, வெளிச்சோதனை:* வேரூன்றிய கன்றுகளை வேறு வேறு இடங்களுக்குக் கொடுங்கள். திருவேற்காட்டில் தரையில் ஒன்று, ஆவடியில் பால்கனியில் ஒன்று, அம்பத்தூரில் வெயில் படும் மாடியில் ஒன்று. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பூத்தால் மேலே போகலாம்.

இந்த ஆறையும் தாண்ட நான்கு, ஐந்து ஆண்டு பிடிக்கும். அவசரப்படுத்தும் வழி கிடையாது.

நோட்டுதான் சொத்து

ஒவ்வொரு நாற்றுக்கும் ஓர் எண் கொடுங்கள். ஆண்டு, கலப்பு எண், நாற்று எண் என்று எழுதுவது வழக்கம். 26-04-11 என்றால் 2026-ல் செய்த நான்காவது கலப்பின் பதினோராவது நாற்று. பூவின் விட்டம், இதழ் நிறம், கண் நிறம், பூ நிற்கும் நேரம், உயரம், கோடையில் உதிர்ந்த மொட்டு, வேர்விட்ட குச்சி ஆகியவற்றைப் பதியுங்கள். ஒரே வெளிச்சத்தில், ஒரே நேரத்தில், அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். தூக்கிப்போட்டதற்கான காரணத்தையும் எழுதுங்கள். எந்தத் தாயின் பிள்ளைகள் வெயிலில் நிற்கின்றன என்பது மூன்றாம் ஆண்டில் அந்த நோட்டில்தான் தெரியவரும். சட்டப் பதிவுக்கும், பங்காளித் தகராறுக்கும், வேலை நேர்காணலுக்கும் அதுவே சாட்சி.

முதல் தொட்டியை விற்கும் முன்

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜெ) பிரிவு தாவரங்களுக்குக் காப்புரிமை தராது. நமக்கு உள்ள வழி, 2001-ம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம். அதை நடத்தும் ஆணையம் டெல்லியில் உள்ளது. நமக்கு அருகிலுள்ள கிளை கர்நாடகத்தின் சிவமொக்காவில். கவனிக்க வேண்டியவை:

- ரகம் மற்றவற்றிலிருந்து வேறுபட்டு, எல்லாச் செடியிலும் ஒரேபோல், தலைமுறை மாறாமல் இருக்க வேண்டும். ஆணையம் சோதனைத் திடலில் வளர்த்துப் பார்க்கும்.
- புதுமை வேண்டும். விண்ணப்பிக்கும் தேதிக்கு ஓராண்டுக்கு முன்பே இந்தியாவில் விற்றிருந்தால் 'புது ரகம்' என்ற தகுதி போய்விடும். ஆகவே முதல் விற்பனை ரசீதின் தேதி முக்கியம். விற்பனை கலக்காத சோதனைக்குக் கொடுப்பது கணக்கில் வராது. அப்படிக் கொடுக்கும்போதும், பெருக்கவோ விற்கவோ கூடாது என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள்.
- மத்திய அரசு அறிவிக்கை செய்த தாவர இனங்களில்தான் புது ரகப் பதிவு நடக்கும். ரோஜா, சாமந்தி, காகிதப்பூ பட்டியலில் உண்டு. உங்கள் செடி இருக்கிறதா என்று தொடங்கும் முன்பே ஆணையத்தின் பட்டியலைப் பாருங்கள்.
- பாதுகாப்புக் காலம் மரங்களுக்கும் கொடிகளுக்கும் 18 ஆண்டு, மற்றவற்றுக்கு 15 ஆண்டு. இடையில் புதுப்பிக்க வேண்டும்.
- பெயர் வெறும் எண்ணாக இருக்கக் கூடாது. தரம் பற்றித் தவறான எண்ணம் தரும் பெயரும் செல்லாது.
- பிறர் பதிவு செய்த ரகத்தை ஆராய்ச்சிக்கும், புது ரகத்துக்குத் தொடக்கப் பெற்றோராகவும் பயன்படுத்தச் சட்டம் அனுமதிக்கிறது. அதையே திரும்பத் திரும்பப் பெற்றோராக வைத்து வணிக உற்பத்தி செய்வதென்றால் உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும்.

இன்னொன்று. வெளிநாட்டுக் குச்சியையும் விதையையும் ஆன்லைனில் வாங்கிக் கூரியரில் வரவழைக்கும் பழக்கம் இருக்கிறது. இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் தாவரநலச் சான்றும் இல்லாமல் வந்தால் சட்டமீறல். கூடவே புதிய பூச்சியும் வரும். மீனம்பாக்கத்தில் உள்ள தாவரத் தொற்றுத்தடை நிலையத்தில் விசாரித்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

பணம் எங்கிருந்து வரும்

ஒரு பூவுக்குப் பணம் கிடைக்காது, பெருக்கிய செடிக்குத்தான் கிடைக்கும். மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன.

முதலாவது, நீங்களே பெருக்கி விற்பது. தாய்ச்செடிகள், நிழல்வலைக் குடில், ஒட்டுக் கட்டும் ஆள் தேவை. லாபம் முழுவதும் உங்களுக்கு, செத்த செடியும் உங்களுக்கே. இரண்டாவது, ஒரு நர்சரியோடு ஒப்பந்தம். செடிக்கு இவ்வளவு என்று உரிமத்தொகை பேசலாம். எண்ணிக்கையை யார் எண்ணுவது, கணக்கு எப்போது காட்டுவது, தாய்ச்செடி யாருடையது என்ற மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். மூன்றாவது, நல்ல நாற்றுத் தொகுப்பைக் கம்பெனியிடம் மொத்தமாக விற்றுவிடுவது.

எதுவாயினும் முதல் ஐந்து ஆண்டுக்கு இதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். நர்சரி, தோட்டப் பராமரிப்பு, மாடித்தோட்டம் அமைத்துக் கொடுப்பது என ஏதாவது ஒரு வருமானம் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். குத்தம்பாக்கமோ திருமழிசையோ போய் நிலம் குத்தகைக்கு எடுப்பது, வெளிச்சோதனையில் ஒரு ரகமாவது தேறிய பிறகு யோசிக்க வேண்டிய காரியம்.

படிப்பும் வேலையும்

*பட்டப்படிப்பு:* பிளஸ் டூ அறிவியல் பிரிவு முடித்தவர்கள் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு பி.எஸ்சி. (ஹானர்ஸ்) தோட்டக்கலை சேரலாம். கோயம்புத்தூர், பெரியகுளம், திருச்சி மகளிர் கல்லூரி முதலிய இடங்களில் உண்டு. முதுகலையில் மலரியல் எடுக்கலாம், மரபியலும் பயிர் இனப்பெருக்கமும் எடுக்கலாம். ரகம் உருவாக்குவதே இலக்கு என்றால் இரண்டாவதில் கணக்கும் புள்ளியியலும் பலமாகக் கிடைக்கும். தோவாளையில் இப்பல்கலைக்கழகத்தின் மலரியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஒருமுறை போய்ப் பாருங்கள்.

*பட்டயமும் குறுகியகாலப் பயிற்சியும்:* நமக்குப் பக்கத்தில் மாதவரத்தில் தோட்டக்கலைத் துறையின் பயிற்சி நிறுவனம் உள்ளது. சென்னையிலுள்ள வேளாண் பல்கலைக்கழகத் தகவல், பயிற்சி மையம் மாடித்தோட்டம், நர்சரி போன்றவற்றில் குறுகிய வகுப்புகள் நடத்துகிறது. ஓசூர் அருகே தளியில் கொய்மலர் மகத்துவ மையம் இருக்கிறது. எந்த வகுப்பு எப்போது என்பதைப் பூந்தமல்லி வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

*தனியார் வேலை:* மலர் விதைக் கம்பெனிகள் பெங்களூரைச் சுற்றி அதிகம். 1965-ல் மன்மோகன் அத்தாவர் அங்கே தொடங்கிய இந்தோ அமெரிக்கன் ஹைப்ரிட் சீட்ஸ், கையால் மகரந்தம் சேர்த்து மலர் விதை உற்பத்தி செய்வதை இந்தியாவில் ஒரு தொழிலாகவே ஆக்கிய முன்னோடிகளில் ஒன்று. இத்தகைய இடங்களில் தொடக்க வேலை பெரும்பாலும் இனப்பெருக்க உதவியாளர் அல்லது களஉதவியாளர். காலை விடிவதற்குள் வயலில் இருக்க வேண்டும், பத்து மணிக்குள் கலப்பு முடிய வேண்டும், மதியம் கணினியில் பதிவு. சீட்டு மாறினால் ஒரு பருவம் போய்விடும் என்பதால், வேகத்தைவிட ஒழுங்குக்கு மதிப்பு அதிகம். திசு வளர்ப்புக் கூடங்களிலும் பெரிய நர்சரிகளின் தாய்ச்செடிப் பிரிவிலும் இதே திறன் செல்லும்.

*அரசுப் பணி:* தோட்டக்கலை அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுத வேண்டும். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழக நிறுவனங்களில் விஞ்ஞானி ஆவதற்கு வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம் (ஏ.எஸ்.ஆர்.பி.) நடத்தும் தேர்வு.

முதல் ஆண்டுக் கால அட்டவணை

*புரட்டாசி, ஐப்பசி:* காய் வைக்கும் ஆறேழு செம்பருத்திகளைச் சேர்த்து எண் கொடுங்கள். பழக்கத்துக்குப் பத்துமணிப் பூவில் கலப்பு செய்து பாருங்கள். கார்த்திகை மழை தீரும் வரை தொட்டிகளை மேடேற்றி வையுங்கள்.

*மார்கழி முதல் மாசி வரை:* வாரத்தில் மூன்று காலை கலப்பு. இருக்கும் எல்லாச் செடியையும் எல்லாவற்றோடும் கலக்காமல், இரண்டே தாய், மூன்றே தந்தை என்று நிறுத்துங்கள்.

*பங்குனி:* காய் அறுவடை, விதைப்பு.

*சித்திரை, வைகாசி:* நாற்றுக்கு நிழல். பெற்றோர்ச் செடிகளுக்கு முழு வெயில். வெயிலில் தோற்ற பெற்றோரை அடுத்த ஆண்டுப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்.

*ஆனி முதல் ஆவணி வரை:* நாற்றுகளைப் பைக்கு மாற்றி முதல் சல்லடை. பாதிக்குப் பாதி கழித்தால் சரியாகப் போகிறீர்கள் என்று பொருள்.

இந்த ஓராண்டை முடித்தவருக்குக் கையில் ரகம் இருக்காது. இருபது, முப்பது நாற்றும், இருநூறு வரிப் பதிவும், சீட்டு மாறாமல் வேலை செய்யும் கையும் இருக்கும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழ் நகலோடு அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். சென்னை வெயிலில் எந்தக் கலப்பு நின்றது, எது நிற்கவில்லை என்பதைத் தேதியோடு சொல்லக்கூடியவருக்கு, ஓசூரிலிருந்து கன்று வாங்கி விற்கும் எந்த நர்சரி முதலாளியும் நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார்.